போலீரோ ஆம்ப்ளிஃபையருக்கு 60 ஆம்பியர் ஃபியூஸ்: கணக்கும் வேலையும்

பின்னிருக்கைக்கு அடியில் கம்பளத்தைத் தூக்கியதும் கண்ணில் பட்டது ஃபியூஸ் கூடுதான். தங்க நிற முலாம், உள்ளே இருப்பது தெரியும் மூடி, அதற்குள் 80 ஆம்பியர் என்று அச்சிட்ட கண்ணாடிக் குழாய் ஃபியூஸ். மூடியின் ஓர் ஓரம் பழுப்பேறிச் சுருங்கிப் போயிருந்தது. ஃபியூஸை விரலால் திருகினேன், கூட்டுக்குள்ளேயே தாராளமாகச் சுழன்றது. ஆனால் அது அறுந்திருக்கவில்லை. பாட்டு நன்றாகப் பாடியது.

வண்டி என் அக்காள் வீட்டுக்காரருடையது. கானாடுகாத்தானில் நிற்கும் பழைய போலீரோ. கல்யாணம், குலதெய்வக் கோயில், பிள்ளையார்பட்டி, குன்றக்குடி என்று உறவுக்காரர்களை ஏற்றிக்கொண்டு ஊர் சுற்றும் வண்டி. நெடுஞ்சாலையோரக் கடை ஒன்றில் அவர் மகன், அதாவது என் மருமகன், அதில் ஆம்ப்ளிஃபையரும் வூஃபரும் மாட்டிக்கொண்டு வந்திருந்தான். சில மாதங்களில், சத்தம் கூடினால் கருகல் வாடை வருகிறது என்று காரைக்குடியில் என்னிடம் கொண்டுவந்து நிறுத்தினான். வேலையைத் தொடங்குமுன் பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றினேன். மைனஸை முதலில் கழற்றுவதற்குக் காரணம் உண்டு. பிளஸ் முனையில் வேலை செய்யும்போது ஸ்பேனர் தவறி வண்டியின் உடலில் பட்டாலும் பிறகு ஒன்றும் ஆகாது.

கருகலுக்குக் காரணம் அந்தத் தளர்ந்த பிடிதான். தொடுமிடத்தில் வெறும் 5 மில்லி ஓம் தடை இருந்தால்கூட, 40 ஆம்பியர் ஓடும்போது அந்த ஒரு புள்ளியில் 8 வாட் வெப்பம் பிறக்கிறது. சிறு பிளாஸ்டிக் மூடி உருகுவதற்கு அது போதும். வண்டி குலுங்கக் குலுங்கப் பிடி தளரும். தளரத் தளரத் தடை கூடும். கண்ணாடிக் குழாய் ஃபியூஸை இந்த மின்னோட்டத்துக்கு நான் எப்போதும் பயன்படுத்துவதில்லை. அதன் இரு முனைத் தொப்பிகளும் ஈயப்பற்றில் நிற்பவை. சூட்டில் அதுவும் இளகும்.

கூட்டை மட்டும் மாற்றினால் போதும் என்றுதான் மருமகன் நினைத்தான். எனக்கு உறுத்தியது வேறு. ஃபியூஸ் எதற்காக இங்கே, வண்டியின் வாலில், ஆம்ப்ளிஃபையருக்குப் பக்கத்தில் இருக்கிறது?

"மாமா, ஆம்ப்ளிஃபையரின் பக்கவாட்டில் ஏற்கெனவே இரண்டு ஃபியூஸ் செருகியிருக்கிறதே. இன்னொன்று எதற்கு?" என்று அவன் கேட்டான்.

நல்ல கேள்வி. பதிலை வாயால் சொல்லாமல் பானெட்டைத் திறந்து காட்டினேன். பேட்டரியிலிருந்து புறப்பட்ட சிவப்புக் கம்பி நேராக எஞ்சின் அறைக்கும் டேஷ்போர்டுக்கும் இடையிலுள்ள தகட்டுச் சுவரைத் துளைத்து உள்ளே போகிறது. துளையில் ரப்பர் வளையம் கிடையாது. தகட்டின் கூர்விளிம்பு கம்பியின் மேலுறையை அரைத்து, ஓரிடத்தில் இழைகள் மினுங்கத் தொடங்கியிருந்தன. இன்னும் கொஞ்சம் அரைத்திருந்தால் பேட்டரியின் பிளஸ் நேராக வண்டியின் உடலைத் தொட்டிருக்கும். வண்டியை இழுத்துக் கிளப்புகிற பேட்டரி குறுக்குச்சுற்றில் ஆயிரம் ஆம்பியரையும் தாண்டித் தரக்கூடியது. அந்த மின்னோட்டம் பேட்டரியிலிருந்து புறப்பட்டு, அரைபட்ட இடம் வழியாக அங்கேயே திரும்பிவிடும். பின்னிருக்கைக்கு அடியிலுள்ள 80 ஆம்பியருக்கோ, ஆம்ப்ளிஃபையரிலுள்ள இரண்டுக்கோ அப்படி ஒன்று நடந்ததே தெரியாது.

ஆகவே இடம் முதலில், அளவு பிறகு. பேட்டரியின் பிளஸ் முனையிலிருந்து 45 செ.மீ.க்குள் முதன்மை ஃபியூஸ் வந்துவிட வேண்டும். அதற்குமுன் உள்ள துண்டுக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை என்பதால் அது எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது. ஆம்ப்ளிஃபையரின் சொந்த ஃபியூஸ்கள் அதன் வயிற்றைக் காப்பவை. பேட்டரிப் பக்கத்து ஃபியூஸ் கம்பியைக் காப்பது. இந்த வேறுபாடு பிடிபட்டால் மீதிக் கணக்கு முழுவதும் தானாக வந்துவிடும். கடைக்காரர்களில் பலர், ஆம்ப்ளிஃபையர் பெட்டியில் எழுதியுள்ள வாட்டைப் பார்த்து ஃபியூஸ் எடுத்துக் கொடுப்பதும் இது பிடிபடாததால்தான்.

அந்தப் பெட்டியில் என்ன எழுதியிருந்தது? 2000 வாட். இதை நம்புவதற்கு முன் பக்கவாட்டு ஃபியூஸ்களைப் பார்க்க வேண்டும். இரண்டும் நிறமற்ற வெள்ளை. செருகு ஃபியூஸில் அது 25 ஆம்பியர். இரண்டும் சேர்ந்து 50. எஞ்சின் ஓடும்போது வண்டியில் கிடைப்பது சுமார் 13.8 வோல்ட். 50-ஐ 13.8-ஆல் பெருக்கினால் 690 வாட். உள்ளே போவதே அவ்வளவுதான் என்றால் 2000 வாட் எங்கிருந்து வெளியே வரும்? விளம்பரத்தில் ஓடும் வாட், வண்டியில் ஓடாது.

உண்மையான எண் கையேட்டில் சின்ன எழுத்தில் இருந்தது: 4 ஓம் ஸ்பீக்கருக்கு, நான்கு வழியிலும் தொடர்ச்சியாகத் தலா 75 வாட். மொத்தம் 300. ஆம்ப்ளிஃபையர்களின் உள்சுற்றில் ஏபி, டி என்று வகைகள் உண்டு; இது ஏபி வகை. உள்ளே வாங்கும் மின்சாரத்தில் ஏறக்குறைய 55 சதவீதம்தான் ஒலியாக வெளியே போகும், மற்றது வெப்பம். 300-ஐ 0.55-ஆல் வகுத்தால் 545 வாட், அதை 13.8-ஆல் வகுத்தால் 40 ஆம்பியருக்குக் கொஞ்சம் குறைவு. இதுவே டி வகையாக இருந்தால் 80 சதவீதம் என்று வைத்து, 300 வாட்டுக்கு 27 ஆம்பியர் போதும். வகை தெரியாமல் ஃபியூஸ் கணக்குப் போடுவது வீண்.

ஆக, ஆம்ப்ளிஃபையருக்கு முழு வேகத்தில் 40 வேண்டும், அதன் ஃபியூஸ்கள் 50 வரை விடும். இது ஒரு முனை. மறுமுனையில் இருப்பது கம்பி. அது எவ்வளவு தாங்கும்?

மேலுறையில் '4 கேஜ்' என்று வெள்ளை எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். 4 கேஜ் என்றால் உலோகத்தின் குறுக்குப் பரப்பு 21 சதுர மி.மீ. இருக்க வேண்டும். உறையைச் சீவியபோது கம்பியைவிட உறைதான் தடிமனாக இருந்தது. உள்ளே ஏழு புரி. ஒரு புரியைப் பிரித்து எண்ணினால் 126 இழை. ஓர் இழையின் விட்டம் ஸ்க்ரூ கேஜில் 0.12 மி.மீ. பரப்பைக் கணக்கிட்டால் ஓர் இழைக்கு 0.0113 சதுர மி.மீ.; மொத்தம் 882 இழைக்குப் பத்துக்குச் சற்றுக் குறைவு. எழுதியதில் பாதிகூட இல்லை.

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. ஓர் இழையை பிளேடால் சுரண்டினேன், செம்பு நிறத்துக்கு அடியில் வெள்ளி நிறம் வந்தது. இன்னோர் இழையை லைட்டர் சுடரில் காட்டினேன், சுருண்டு துளியாகி உதிர்ந்தது. செம்பு அப்படிச் செய்யாது, சிவந்து நிற்கும். செம்பின் உருகுநிலை 1085 டிகிரி, அலுமினியத்தினுடையது 660. இது செம்பு பூசிய அலுமினியம். செம்போடு ஒப்பிட்டால் மின்சாரத்தைக் கடத்துவதில் மூன்றில் இரண்டு பங்குகூடத் தேறாது. 10 சதுர மி.மீ. அலுமினியம், ஆறு, ஆறரை சதுர மி.மீ. செம்புக்குச் சமம். அதற்கு நான் 40 ஆம்பியருக்கு மேல் ஃபியூஸ் போட மாட்டேன், அதுவும் மனமில்லாமல்தான்.

இருந்ததோ 80. அதன் பொருள் என்ன என்று கணக்கிட்டு மருமகனுக்குக் காட்டினேன். 5 மீட்டர் நீளமுள்ள இந்தக் கம்பியின் தடை கிட்டத்தட்ட 13.6 மில்லி ஓம். எங்கோ அரைகுறையாக ஒரு கசிவு ஏற்பட்டு 80 ஆம்பியர் ஓடினால், 80 ஆம்பியர் ஃபியூஸ் அதைத் தன் இயல்பான சுமை என்றே எடுத்துக்கொள்ளும், அறுக்காது. கம்பியிலோ 87 வாட் வெப்பம். ஒன்றரை மீட்டருக்கு ஒரு 25 வாட் சால்டரிங் அயர்னைப் போட்டுக் கம்பளத்தால் மூடி வைத்ததுபோல. சாதாரண பி.வி.சி. உறை 70 டிகிரிக்குச் செய்யப்பட்டது.

ஃபியூஸைப் பற்றிப் பரவலாக உள்ள ஒரு நம்பிக்கையையும் இங்கே கலைத்துவிட வேண்டும். 60 என்று எழுதியிருந்தால் 61-இல் அறுந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். மேக்ஸி எனப்படும் பெரிய செருகு ஃபியூஸில் 35 சதவீதம் கூடுதலாக ஓடினால்கூட அறுவதற்கு அரை மணி நேரம் வரை ஆகலாம். இரட்டிப்பானால் சில விநாடி முதல் ஒரு நிமிடம். அந்த நேரம் முழுவதையும் கம்பி தாங்கியாக வேண்டும். கம்பியின் தாங்குதிறனை ஒட்டி ஃபியூஸ் போடாமல் ஒரு படி கீழே போடுவது இதனால்தான்.

எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளில் பீங்கான் ஃபியூஸ் கட்டைகள் இன்னும் இருக்கின்றன. இரண்டாம் கட்டில் விளக்கு அணைந்தால், கையில் கிடைத்த செம்புக் கம்பியை இரட்டையாகச் சுற்றிச் செருகிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போகும் பழக்கமும் இருக்கிறது. 'பெரிய ஃபியூஸ் போட்டால் பாதுகாப்பு' என்ற எண்ணம் அங்கிருந்துதான் வண்டிக்கும் வந்திருக்க வேண்டும் என்பது என் சந்தேகம்.

இனிக் கம்பி. கார் ஆடியோ கிட்டுகளை நம்பிக் கைசுட்டுக்கொள்ள மனமில்லை. வீட்டு ஒயரிங் கம்பி அதிகமும் 6 சதுர மி.மீ.யோடு நின்றுவிடுகிறது. வெல்டிங் கேபிள் விற்கும் ஹார்டுவேர் கடைக்குப் போனேன். நுண்ணிழைகளால் ஆனதால் வளைந்து கொடுக்கும். அளவு சதுர மி.மீ.யில் நேர்மையாக எழுதியிருக்கும். வெப்பம், எண்ணெய், தீ மூன்றையும் தாங்கும் எச்.ஓ.எஃப்.ஆர். உறையோடு கிடைத்தால் எஞ்சின் அறைக்கு அதுவே சரி. ஆனால் வெல்டிங் கேபிளிலும் அலுமினியம் விற்கிறார்கள். முனையைச் சீவிக் காட்டச் சொல்லி, பார்த்த பிறகே வெட்டச் சொன்னேன். 16 சதுர மி.மீ. செம்பு வாங்கினேன். 25 வாங்கலாமே என்று மருமகன் இழுத்தான். இந்த ஆம்ப்ளிஃபையரின் திருகுத் துளைக்குள் 25 நுழையாது. இழைகளில் பாதியை வெட்டிவிட்டு நுழைப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். அதற்குப் பெரிய கம்பியே வாங்கியிருக்க வேண்டாம்.

இந்த 16 சதுர மி.மீ. செம்பின் 5 மீட்டருக்குத் தடை 5.4 மில்லி ஓம். 40 ஆம்பியரில் இழப்பு கால் வோல்ட்டுக்கும் குறைவு. பழைய கம்பியில் அரை வோல்ட்டுக்கு மேல் போய்க்கொண்டிருந்தது. தாங்குதிறனுக்கு 100 ஆம்பியர் வரை எழுதும் அட்டவணைகளும் உண்டு. சித்திரை, வைகாசியில் காரைக்குடி வெயில் 40 டிகிரியைத் தொடும்போது பானெட்டுக்குள் என்ன சூடு இருக்கும் என்பதை அந்த அட்டவணைகள் அறியா. எனக்கு 80தான் எல்லை.

கீழ் எல்லை 40, மேல் எல்லை 80. இடையில் 50, 60, 70 என்று மூன்று கிடைக்கின்றன. 50-ஐத் தேர்ந்தெடுக்கலாம் என்றே தோன்றும். ஆம்ப்ளிஃபையரின் ஃபியூஸ்களும் 50தானே. ஆனால் ஃபியூஸைத் தொடர்ந்து அதன் அளவில் 75 சதவீதத்துக்கு மேல் சுமக்க வைப்பது நல்லதல்ல, சூடான இடத்தில் இன்னும் குறைக்க வேண்டும். 40 என்பது 50-இல் 80 சதவீதம். மே மாதத்து மதுரை சாலையில், முழுச் சத்தத்தில், காரணமே இல்லாமல் ஒருநாள் அறுந்துபோகும். அப்படி அறுந்தால் அடுத்து என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். அருகிலுள்ள கடையில் 100 போட்டுக்கொண்டு வந்துவிடுவான். 60-இல் 40 என்பது 67 சதவீதம். கம்பியின் எல்லைக்கும் நல்ல இடைவெளி இருக்கிறது. 70-ஆல் கூடுதலாக எந்த நன்மையும் இல்லை. 60 என்று முடிவானது.

வகையிலும் தேர்வு இருந்தது. போல்ட்டால் இறுக்கும் ஏ.என்.எல். வகை நல்லதுதான். ஆனால் இணையத்தில் மலிவாக வரும் ஏ.என்.எல். துண்டுகள் எழுதிய அளவில் அறுவதில்லை என்பது இந்த வேலை செய்பவர்களின் பொதுவான புகார். தரமானதைத் தருவித்தாலும், அறுந்துபோனால் மாற்று உள்ளூரில் கிடைக்காது. மேக்ஸியோ பல கார்களின் ஃபியூஸ் பெட்டியில் ஏற்கெனவே இருப்பது, உதிரிபாகக் கடையில் சாதாரணமாகக் கிடைக்கும். 60 நீல நிறம். சின்னச் செருகு ஃபியூஸில் நீலம் 15. நிறத்தை மட்டும் பார்த்து வாங்கி வரச் சொல்லி யாரையும் அனுப்பக் கூடாது. பொத்தானை அழுத்தினால் மீளும் பிரேக்கர்களையும் விற்கிறார்கள். அவற்றில் மலிவானவை சூட்டிலும் குலுக்கலிலும் தாமாகவே விழுவதைப் பார்த்த பிறகு அந்தப் பக்கம் போவதில்லை.

மாட்டும் வேலையில் பெரும்பகுதி கம்பியை ஓட்டுவதுதான். மூடியுள்ள மேக்ஸி கூட்டை பேட்டரிக்குப் பக்கத்து உள்தகட்டில் திருகினேன். பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரம்கூட இல்லை. சாதாரணக் கூடுகளின் முனைகளுக்கு இந்தக் கம்பி தடிமன் என்பதால், 16 சதுர மி.மீ.க்கு இடமளிக்கும் கூடாகப் பார்த்து வாங்க வேண்டியிருந்தது. கம்பி முனைகளில் மாட்டும் உலோகக் காதுகளான தம்பிள்களைக் கிரிம்பிங் கருவியால் அழுத்தி, மேலே சுருங்கு குழாய் போட்டேன். சுத்தியலால் தட்டி நசுக்கிய தம்பிளை இழுத்துப் பார்த்தால் கையோடு வரும். தகட்டுச் சுவரில் துளையை அரத்தால் மழுக்கி, ரப்பர் வளையம் போட்டு, கம்பிக்கு நெளிகுழாய் உறை மாட்டி உள்ளே விட்டேன். ஸ்பீக்கர் சிக்னல் கம்பிகள் மறுபக்க ஓரமாகப் போகின்றன. மின்கம்பியோடு சேர்த்து ஓட்டினால் எஞ்சின் சீறல் பாட்டில் கலக்கும்.

எர்த் பக்கத்தில் ஃபியூஸ் கிடையாது, தேவையும் இல்லை. ஆனால் அதே தடிமன் கம்பி வேண்டும், அரை மீட்டருக்குள் வேண்டும். போலீரோ போன்ற வண்டிகளில் இன்னொரு விஷயம் உண்டு. உடல் கூடு, கீழே உள்ள சட்டத்தின் மேல் ரப்பர் கட்டைகளில் உட்கார்ந்திருக்கிறது. பின்பக்கம் உடலில் எர்த் எடுத்தால், அந்த 40 ஆம்பியர் பேட்டரிக்குத் திரும்புவது முன்னால் உள்ள ஒரு மெல்லிய எர்த் பட்டை வழியாக. மீந்த கம்பியில் ஒரு துண்டை எடுத்து அந்தப் பட்டைக்கு இணையாகப் போட்டேன். பழைய எர்த் போல்ட்டுக்கு அடியில் பெயிண்டைச் சுரண்டவே இல்லை. செம்மண் தூசிக்கும் துருவுக்கும் நடுவே அலுமினிய இழைகள் வெள்ளைப் பொடியாகியிருந்தன. 1953 முதல் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் இயங்குகிற ஊர் இது. இரண்டு வேறு உலோகங்கள் ஈரத்தில் சேர்ந்தால் ஒன்று மற்றொன்றை அரிக்கும் என்பதை விளக்க அதன் மதில்வரைகூடப் போக வேண்டியதில்லை. அந்தப் போல்ட்டைப் பார்த்தாலே போதும். வெறும் தகடு தெரியும்வரை தேய்த்து, பல்வாஷர் வைத்து இறுக்கி, மேலே கிரீஸ் தடவினேன்.

எல்லாம் பூட்டிய பிறகு, ஃபியூஸைச் செருகாமல் கம்பிக்கும் உடலுக்கும் இடையே மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன், குறுக்குச்சுற்று இல்லை. பிறகு மைனஸ் முனையை மாட்டி, கடைசியாக ஃபியூஸைச் செருகினேன். செருகும்போது சின்னப் பொறி ஒன்று வந்தது, மருமகன் பின்வாங்கினான். ஆம்ப்ளிஃபையரின் கெப்பாசிட்டர்கள் நிரம்பும்போது வரும் பொறி அது. கோளாறு அல்ல.

சோதனைக்கு, கம்பியைச் சுற்றிக் கவ்வி மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டர் வேண்டும், அதுவும் பேட்டரியின் டி.சி.யை அளப்பதாக. எலக்ட்ரீஷியன்கள் வைத்திருக்கும் ஏ.சி. கிளாம்ப் இங்கே சுழியைத்தான் காட்டும். வழக்கமான சத்தத்தில் பாட்டு ஓடும்போது 10 ஆம்பியரைச் சுற்றி ஆடியது. வூஃபருக்கான அடிநாதத்தைத் தொடர்ந்து கொடுத்துச் சத்தத்தைக் கூட்டியபோது முப்பதைத் தாண்டியது. பாட்டு வேறு, தொடர் ஒலி வேறு. பாட்டில் உச்சங்கள் கண நேரத்துக்குத்தான். அரை மணி நேரம் ஓடவிட்டு ஃபியூஸ் கூட்டைத் தொட்டுப் பார்த்தேன், எஞ்சின் சூட்டைத் தவிர தனிச்சூடு இல்லை. ஃபியூஸின் இரு முனைகளுக்கு இடையே மில்லிவோல்ட்டை அளந்து எழுதி வைத்துக்கொண்டேன். சில மாதம் கழித்து அதே சுமையில் அந்த எண் கூடியிருந்தால் பிடி தளர்கிறது என்று பொருள். வாடை வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

டேஷ்போர்டு அறையில் 60-இல் இரண்டும் 25-இல் இரண்டும் உபரியாக வைத்து, பானெட்டுக்கு அடியில் '60 மட்டும்' என்று எழுதி ஒட்டினேன். அறுந்தால் எங்கே பார்ப்பது என்பதையும் மருமகனுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். பேட்டரிப் பக்கத்து 60 அறுந்து, ஆம்ப்ளிஃபையரின் 25கள் நன்றாக இருந்தால் கோளாறு நடுக்கம்பியில்; எங்கோ உறை கிழிந்திருக்கிறது. 25கள் அறுந்து 60 நின்றால் கோளாறு ஆம்ப்ளிஃபையருக்குள். பெரும்பாலும் மின்வழங்கிப் பகுதியின் மாஸ்ஃபெட்டுகள் எனப்படும் டிரான்சிஸ்டர்கள், அல்லது யாரோ பிளஸ் மைனஸை மாற்றி மாட்டியிருக்கிறார்கள். மாற்றியதும் உடனே மறுபடி அறுந்தால் மூன்றாவதைச் செருகக் கூடாது.

வண்டியை எடுக்கும்போது வூஃபருக்குத் தனியாக ஒரு 500 வாட் டி வகை ஆம்ப்ளிஃபையர் சேர்க்கலாமா என்று கேட்டான். கணக்கை அவனையே போடச் சொன்னேன். 500-ஐ 0.8-ஆல் வகுத்து 13.8-ஆல் வகுத்தால் 45 ஆம்பியர். இருப்பதோடு சேர்ந்து 85. எனக்கு 80 எல்லையாக இருக்கும் கம்பியில் அது ஓடாது. 35 சதுர மி.மீ. கம்பி, பேட்டரியருகே 125 ஆம்பியர் ஃபியூஸ், பின்னால் பிரியும் இடத்தில் ஒவ்வொரு கிளைக்கும் அதன் கம்பிக்கேற்ற தனி ஃபியூஸ், அதற்கு ஈடுகொடுக்கும் ஆல்டர்னேட்டர் எல்லாம் வேண்டும். விலையைக் கூட்டிப் பார்த்துவிட்டு, அத்தானிடம் கேட்டுச் சொல்வதாகச் சொன்னான்.